கேட்ட குழந்தைக்குப் பதில் சொல்லுங்கள்

பள்ளிக்கூடத் திண்ணை: வாசகர் கேள்வி – பதில்
மதுரை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பதிலளிக்கிறார்

கேள்வி: ஈராசிரியர் பள்ளி ஒன்றில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. நவம்பர் 14 முதல் 20 வரை குழந்தைகள் உரிமை வாரம் கொண்டாடும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். வழக்கமாகப் பேச்சுப் போட்டி, சார்ட், உறுதிமொழி என்று முடிந்துவிடுமாம். அதற்கு மேல் என்ன செய்யலாம்? உரிமை உரிமை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நாளைக்கு நம் பேச்சையே கேட்கமாட்டார்கள் என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் மூத்த ஆசிரியர்கள் எச்சரித்தார்கள். அதுவும் குழப்பமாக இருக்கிறது.
– இளம் ஆசிரியை, மேலூர் வட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், பேச்சுப் போட்டியும் சார்ட்டும் நடக்கட்டும். தாத்தா பாட்டியெல்லாம் பார்க்க வருவார்கள், பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. ஆனால் ‘எங்களுக்கும் உரிமை உண்டு’ என்று மைக்கில் முழங்கிய பிள்ளை, மறுநாள் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டுத் தூக்கிய கையோடு காத்துக் கிடந்தால் அந்த விழாவால் அவளுக்கு என்ன கிடைத்தது? அந்த வாரத்தில் ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். ஆண்டு முழுவதும் அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். பள்ளியில் எது வேண்டும், எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். ஒரு நோட்டின் இடப்பக்கத்தில் அவர்கள் சொன்னதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த வெள்ளிக்குள் வலப்பக்கத்தில் உங்கள் பதில் வந்துவிட வேண்டும். செய்தாயிற்று, இந்தத் தேதிக்குள் செய்கிறோம், செய்ய இயலாது – காரணம் இன்னது. எதுவாக இருந்தாலும் சரி, வலப்பக்கம் காலியாக இருக்கக் கூடாது. நோட்டை மேசைக்குள் பூட்டி வைக்காமல், பிள்ளைகள் தாமாக எடுத்துப் பார்க்கும் உயரத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்குக் குழாய் எட்டவில்லை என்பது எங்கள் பள்ளியில் அந்த நோட்டின் வழியாகத்தான் தெரிந்தது. பெரிய பிள்ளை யாராவது வந்து பிடித்துக் கொடுக்கும்வரை சின்னதுகள் தாகத்தோடு நின்றிருக்கின்றன. எங்களிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா கொத்தனார். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து குழாயடியில் சிமெண்டுப் படி கட்டிக் கொடுத்தார். சாப்பாட்டு வரிசையில் ஐந்தாம் வகுப்பே எப்போதும் முதலில் நிற்கிறது, எங்களுக்கு வரும்போது சோறு ஆறிவிடுகிறது என்று இரண்டாம் வகுப்பு எழுதச் சொன்னது, வரிசையைத் திருப்பினோம். ஒரு நாள் சாப்பாட்டையே மாற்றித் தரச் சொன்னார்கள். உணவுப் பட்டியலை அரசு வகுக்கிறது, நாமாக மாற்ற இயலாது என்று எழுதினோம். எழுதியதோடு விடாமல், சத்துணவு அமைப்பாளரையும் வட்டத்தில் உட்கார வைத்து விளக்கச் சொன்னோம். முடியாது என்ற பதிலைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். கேட்டும் பதிலே வராவிட்டால், அடுத்த முறை கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மௌனத்தைத்தான் நாம் பல பள்ளிகளில் ஒழுக்கம் என்று பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

வட்டத்தில் வாய் திறப்பவர்கள் பெரும்பாலும் அதே நான்கைந்து பேராக இருப்பார்கள். மற்றவர்களுக்குத் தாளும் வண்ணப் பென்சிலும் கொடுங்கள். பள்ளியையும் வீட்டிலிருந்து வரும் வழியையும் வரையட்டும். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுத வேண்டாம். எங்கள் பிள்ளைகளின் படங்களில் கழிப்பறைக்குப் பின்னால் மண்டிக் கிடந்த சீமைக்கருவேல மரங்களும், கண்மாய்க் கரையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களும், ஒரு வீட்டு நாயும் சிவப்பாக இருந்தன. அந்தப் படங்களை அப்படியே ஊராட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். மனுவுக்கு அசையாதவர்கள் படத்துக்கு அசைந்தார்கள், கருவேலம் வெட்டப்பட்டது.

சில நேரம் ஒரு கடையோ, ஒருவருடைய வீடோ, நம் வகுப்பறையோ சிவப்பாகிவிடும். அப்போது அந்தப் பிள்ளையை எல்லார் முன்னிலும் நிறுத்திக் கேட்காதீர்கள். தனியாகவும் துருவித் துருவி விசாரிக்காதீர்கள். பிள்ளை தானாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, ‘சொன்னது நல்லது’ என்று சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிந்தும் சொல்லாமலிருப்பது குற்றம். பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் காப்பதும் சட்டம் சொல்வதுதான். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் தடுத்தாலும் நிற்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. வகுப்பறைச் சுவரில் அதைப் பெரிதாக எழுதி வையுங்கள்.

இனி மூத்த ஆசிரியர்களின் பயத்துக்கு வருகிறேன். குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. தன்னைப் பாதிக்கும் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. பிள்ளை சொன்னதையெல்லாம் செய்துவிட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

இப்படி ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் முன்மொழிந்த நாடு போலந்து. அந்த நாட்டில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் இருந்தார். வார்சாவில் அவர் நடத்திய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் ஒன்று நடந்தது. பெரியவர்கள் மீதும் பிள்ளைகள் வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார். அதன் சட்டத்தொகுப்பில் பெரும்பாலான விதிகள் மன்னிப்பதற்கானவை. அங்கே ஒழுங்கு குலையவில்லை. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளைக் கொலைமுகாமுக்கு ஏற்றிச் சென்றபோது, தப்பிக்க வாய்ப்பிருந்தும் அவர் அவர்களோடு சென்று உயிர் விட்டார். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்.

இன்னொன்று, டீச்சர். வகுப்பு லீடரைக் கொண்டு பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத வைக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் இந்த வாரமே நிறுத்துங்கள். வேண்டாதவன் பெயரை எழுதுவதும், மிட்டாய் கொடுத்தவன் பெயரை அழிப்பதும் எட்டு வயதிலேயே பழகிவிடுகிறது. கட்டையன், கருப்பி போன்ற பட்டப்பெயர்களும் வேண்டாம். பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. பாடம் நடக்கும்போது ஒன்றுக்குப் போக விடுவதில்லை. இருமுறை உடையிலேயே போய்விட்டான். மற்ற பிள்ளைகள் கேலி செய்வதால் இப்போது காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறான். போய்க் கேட்டால் அவனைக் குறி வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: தங்கச்சி, இதைத் தள்ளிப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஏழு வயதுப் பிள்ளை பாதி நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், வந்த சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்வதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். அடிவயிறு வலிக்கிறது, எரிகிறது என்று சொல்கிறானா என்று இன்றே கேளுங்கள். சொன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளிக்குத் தனியாகப் போகாமல் அதே வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருவரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். ‘என் பையனை விடுங்கள்’ என்று கேட்டால் அவன் பெயர் அடிபடும். ‘இந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வழி செய்யுங்கள்’ என்று கேளுங்கள். வழி எளிதானது. ஒரு மரச்சில்லில் கயிறு கட்டிக் கதவோரம் மாட்டிவிட வேண்டும். போக வேண்டிய பிள்ளை யாரையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, திரும்பி வந்து மாட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வெளியே போக முடியும் என்பதால் ஆசிரியரின் கவலையும் தீர்ந்துவிடும். ஆரம்பத்தில் ஒரு வாரம் எல்லாப் பிள்ளைகளும் சில்லைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிறகு தேவைப்பட்டவர்கள் மட்டும் போவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கழிப்பறைச் சாவி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் சாவி தொங்கினால் கூச்சப்படுகிற பெண் குழந்தைகள் கேட்கவே மாட்டார்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் போதிய பாதுகாப்பான குடிநீரும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. பூட்டிக் கிடக்கும் கழிப்பறை இருந்தும் இல்லாததுதான். பேசியும் நடக்காவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் சொல்லுங்கள். வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்.

மாற்று உடை ஒன்றைப் பையில் வைத்துவிடுங்கள். ‘உன் மேல் தப்பில்லை’ என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

கேள்வி: அடியாத மாடு பணியாது. எங்கள் காலத்தில் வாத்தியார் அடித்தார், நாங்கள் உருப்பட்டோம். இப்போது சட்டம் என்று சொல்லி ஆசிரியர்களின் கையைக் கட்டிவிட்டார்கள். பேரன் யாருக்கும் அடங்குவதில்லை. உரிமை பேசும் நீங்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாத்தா, வாடிப்பட்டி

பதில்: ஐயா, வணக்கம். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிடுங்கள்’ என்று சொல்லி என்னிடம் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மார் நிறையப் பேர். கொடுமைக்காரர்கள் இல்லை அவர்கள். தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளை படக் கூடாது என்ற தவிப்பு அது. உங்கள் கடிதத்திலும் பேரன் மேல் உள்ள அதே அக்கறைதான் தெரிகிறது.

ஆனால் ஐயா, அடிபட்டு உருப்பட்டவர்கள்தான் இன்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். உங்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, அடிக்குப் பயந்து தோப்பில் ஒளிந்து, பிறகு பள்ளிக்கூடப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ஆடு மேய்க்கப் போனவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்களே! அவர்களில் ஒருவரைப் பார்த்துப் பேசுங்கள். வாத்தியாரின் பிரம்பு அவருக்கு என்ன செய்தது என்று அவர் சொல்லட்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பை வைத்துவிட்டு நாக்கால் அடித்தாலும் அது மீறல்தான். முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது, ‘உங்கப்பன் மாதிரிதானே இருப்பாய்’ என்பது – எதற்கும் இடமில்லை. சாப்பாட்டில் கை வைப்பதை நான் இன்னும் கொடியதாக நினைக்கிறேன். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை கீழ அண்ணாத்தோப்பில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளுக்காகவே வந்த திட்டம் அது. தாமதமாக வந்தான் என்று அந்தப் பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்து, உப்புமா தீர்ந்த பிறகு உள்ளே விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு ஆறவில்லை.

அடங்காத பிள்ளைக்கு என்னதான் வழி? முதலில் காரணத்தைத் தேட வேண்டும். என்னிடம் ஒரு பையன் இருந்தான். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பிடுங்குவதும் சண்டை இழுப்பதுமாகவே இருப்பான். ஒரு கண் பரிசோதனை முகாமில்தான் அவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். எழுதியதைப் பார்க்க முடியாமல் நோட்டைப் பிடுங்கியிருக்கிறான். கண்ணாடி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்ததும் பாதிச் சண்டை நின்றுவிட்டது. மீதிச் சண்டை ஊரிலுள்ள எல்லாப் பையன்களும் போடுவதுதான். உங்கள் பேரனுக்குக் கண், காது, தூக்கம் மூன்றையும் பாருங்கள். வீட்டில் யாராவது அவன் முன்னால் அடித்துக்கொள்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. விடிவதற்கு முன் என்னோடு மல்லிகைப் பூ எடுக்க வருவாள். எங்களுடையது சின்னத் தோட்டம். அது முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு எடுப்போம். எட்டரை மணிக்குக் குளித்துப் பள்ளிக்குப் போய்விடுவாள். இதைக் குழந்தைத் தொழில் என்கிறார் டீச்சர். குடும்பத் தொழிலைக் கற்றுக்கொள்வது குற்றமா?
– பூ விவசாயி, திருமங்கலம் வட்டம்

பதில்: அம்மா, பூ எடுப்பவர்களின் பாடு எனக்குத் தெரியும். மொட்டு விரிவதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன் பறித்தாக வேண்டும். காலையிலேயே மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர வேண்டும். பனிக்காலத்தில் விலை ஏறும்போது செடியில் பூ இருக்காது. பூத்துக் கொட்டும்போது விலை இருக்காது. ஆள் கிடைக்காத நேரத்தில் வீட்டில் இருக்கிற கைகளெல்லாம் வேண்டியிருக்கிறது. உங்களைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

14 வயது நிறையாத பிள்ளையைக் கூலி வேலைக்கு வைப்பதை, 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் முழுவதுமாகத் தடை செய்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் கூலி அங்கேயே அடிபட்டுவிட்டது. சொந்தக் குடும்பத்துக்குப் பிள்ளை ஒத்தாசை செய்யலாம். ஆனால் அது ஆபத்தில்லாத வேலையாக, பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ இருக்க வேண்டும். மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை அந்த ஒத்தாசையும் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மல்லிகை எடுக்கிற நேரமே அதுதான். ஆகவே டீச்சர் சொன்னது சரி.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இருட்டில் செடிக்குள் கைவிடும்போது பாம்பு இருக்கலாம், முந்தின நாள் அடித்த மருந்து இலையில் இருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை பாதி இரவில் எழுந்து குனிந்து குனிந்து பூ எடுத்துவிட்டு வந்தால், முதல் பாடவேளையில் கண் சொக்கும். அந்த நேரத்தில்தான் பெரும்பாலான பள்ளிகளில் கணக்கும் தமிழும் நடக்கின்றன. இப்படிப்பட்ட பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு வரும்போது வகுத்தல் தெரியாமல் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ‘படிப்பு வரவில்லை’ என்று வீட்டில் நிறுத்துவார்கள். வராமல் போனதற்குக் காரணம் பிள்ளை இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் மகன் இருக்கிறானா? அவனும் அந்நேரத்துக்கு எழுப்பப்படுகிறானா?

மகளுக்குத் தொழில் தெரிய வேண்டும் என்றால் சனி, ஞாயிறு பகலில் களை எடுக்கவும் கவாத்து செய்யவும் சொல்லிக் கொடுங்கள். மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பூக்கட்டப் பழகட்டும். விடியற்காலையில் தூங்க விடுங்கள்.

டீச்சருக்கும் ஒரு வார்த்தை: தூங்கி விழுகிற பிள்ளையைத் தூங்குமூஞ்சி என்று எழுப்பாதீர்கள். அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினீர்களே, அது நல்லது. தொடர்ந்து பேசுங்கள்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் விளையாட்டுப் பாடவேளையில் எப்போதும் கணக்கு நடத்துகிறார்கள். இடைவேளையில் பையன்கள் மைதானம் முழுவதும் ஓடுகிறார்கள், நாங்கள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இதைக் கேட்கலாமா?
– ஒரு மாணவி, அலங்காநல்லூர்

பதில்: கேட்கலாம் தாயி. விளையாடுவதும் ஓய்வெடுப்பதும் குழந்தையின் உரிமை என்று நான் மேலே சொன்ன ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பையன்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. உன் தோழிகளோடு சேர்ந்து ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுது. வாரத்தில் எந்தப் பாடவேளை எங்களுக்கு விளையாட்டுக்கு நிச்சயம் கிடைக்கும்? மைதானத்தில் எங்களுக்கு எந்த நாள், எந்தப் பக்கம்? எல்லாரும் கையெழுத்துப் போட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். நேரில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதா என்று பார்த்து அதில் போடுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது. பதில் வரவில்லை என்றாலும் எழுது. உங்கள் தலைமையாசிரியருக்கு நானே கடிதம் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். நோட்டை நீட்டினால் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் கழிப்பறை கழுவ எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறார்கள். மற்ற தெருப் பிள்ளைகளை ஒரு நாளும் அனுப்பியதில்லை. குழுவில் பேசினால் ‘ரொம்ப நாள் வழக்கம், பெரிதாக்காதே’ என்கிறார்கள்.
– குழு உறுப்பினர், மதுரை கிழக்குப் பக்கம்

பதில்: அம்மா, பெரிதாக்குங்கள். இது பெரிய விஷயம்தான்.

வகுப்பறையைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்றவற்றை எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்யலாம். ஆசிரியரும் கூடச் செய்தால் இன்னும் நல்லது. கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை. அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும். ஒரு தெருப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்புவது தீண்டாமை. அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதைத் தண்டிக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, நீ இன்னார் என்று பள்ளிக்கூடமே சொல்லிக் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது.

நீங்கள் கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் குழுவில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் இருக்க வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் குழுவின் வேலை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டை வாங்கி, ‘பிள்ளைகளைக் கழிப்பறை சுத்தம் செய்ய அனுப்புவதை இன்று முதல் நிறுத்த வேண்டும், தூய்மைப் பணிக்கு ஆள் நியமிக்க வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுத மறுத்தால் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தடுமாற்றம் என்றால் படித்த மகளையோ மருமகளையோ கூட்டிப் போங்கள்.

நிற்கவில்லை என்றால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். 14417க்கும் 1098க்கும் அழையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவின் நகலைத் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தனியாகப் போகாமல் தெருவே போங்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தால், பிள்ளைகளை அனுப்பிய ஆசிரியரின் எதிரில் வைத்துப் பிள்ளைகளிடம் கேட்க விடாதீர்கள். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது தனியாகக் கேட்கட்டும்.

எங்கே வரை போனது என்று எழுதுங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் பத்திரிகை முகவரிக்கே அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது. பழைய பள்ளியில் டிசி வாங்கவில்லை, பிறப்புச் சான்றும் கையில் இல்லை. அடுத்த ஜூனில் வாருங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, கருமாத்தூர்ப் பக்கம்

பதில்: ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், தம்பி. டிசி வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 5, 14, 15ஆம் பிரிவுகள் இவை. இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே மகனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். அவன் வயதுக்குரிய வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஒன்றாம் வகுப்பில் போடச் சம்மதிக்காதீர்கள். சேர்த்த அன்றிலிருந்து மதியச் சாப்பாடும் பாடநூலும் அவனுக்கு உண்டு. டிசியைப் பழைய பள்ளியிடமிருந்து கேட்டு வாங்கித் தரும்படி இந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமே சொல்லுங்கள்.